நெட்வொர்க் கண்காணிக்க எந்த கம்ப்யூட்டர் வேணும்? கணக்கு போட்டுட்டு வாங்குங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற கம்ப்யூட்டர் பக்கத்தை விடாம படிக்கிறவன் நான். திருப்பூர் பக்கம் சின்ன சின்ன ஆபீஸ், பனியன் கம்பெனி, ஸ்கூல், ஆஸ்பத்திரின்னு நெட்வொர்க் பராமரிக்கிற வேலை பாக்குறேன். இந்த கடிதத்தை எழுதறதுக்கு காரணம், நெட்வொர்க் மானிட்டரிங் சாப்ட்வேர் (நெட்வொர்க்ல எது ஓடுது, எது நின்னுச்சுன்னு எந்நேரமும் பாத்து சொல்றது) போடுறோம்னு சொல்லி நம்ம ஊர் பக்கம் காசு ரெண்டு வழில வீணாகுது, அதை பத்தி யாரும் தெளிவா எழுதின மாதிரி தெரியல. ஒரு பக்கம் பத்து சுவிட்ச் (கம்ப்யூட்டர்களை ஒயர்ல இணைக்கற பெட்டி) இருக்கற இடத்துல 64 ஜிபி ரேம் போட்ட டவர் சர்வரை கொண்டு வந்து எறக்குறாங்க, அது வருஷம் பூரா சும்மா உறுமிட்டு இருக்கு. இன்னொரு பக்கம் ரிசப்ஷன்ல பில் போடுற அதே கம்ப்யூட்டர்ல மானிட்டரிங்கையும் ஏத்தி விடுறாங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தம்மா ஷட்டவுன் பண்ணிட்டு கெளம்பினா ராத்திரி பூரா நெட்வொர்க்குக்கு காவலே இல்ல.

ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதாங்க. எல்லாரும் கேக்குற மொத கேள்வி "இந்த சாப்ட்வேர் ஓடுறதுக்கு என்ன சிஸ்டம் வேணும்"ங்கறது. கடைக்காரரும் கம்பெனி வெப்சைட்டுல போட்டிருக்கற மினிமம் ஸ்பெக்கை பாத்துட்டு அதுக்கு மேல ரெண்டு மடங்கு சேத்து கொட்டேஷன் குடுத்துடுறார். ஆனா இந்த வகை சாப்ட்வேருக்கு அந்த கேள்வி மட்டும் பத்தவே பத்தாது. எத்தனை விஷயத்தை பாக்க போறோம், எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பாக்க போறோம், பாத்ததை எத்தனை நாள் வெச்சிருக்க போறோம், இந்த மூணும் தெரியாம ரேம் எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், மானிட்டரிங்ல ரெண்டு ஜாதி இருக்கு. ஸாபிக்ஸ், நாகியோஸ், லிப்ரெஎன்எம்எஸ், பிஆர்டிஜி மாதிரி சாப்ட்வேர் எல்லாம் சுவிட்ச், ரவுட்டர் கிட்ட போயி "எவ்வளவு டேட்டா போச்சு, எந்த போர்ட் (ஒயர் சொருகற வாய்) டவுன்"னு கேட்டு வாங்கி எழுதி வெச்சுக்கறது. பெரும்பாலும் எஸ்என்எம்பிங்கற முறைல கேக்கும், 1988-ல வந்த சங்கதி, இன்னிக்கும் அதான் ஓடுது. இன்னொரு ஜாதி ஒயர்ஷார்க், டிசிபிடம்ப் மாதிரி, ஒயர்ல போற ஒவ்வொரு பாக்கெட்டையும் (டேட்டா துண்டையும்) அப்படியே புடிச்சு வெக்கறது. மொத ஜாதிக்கு ரொம்ப சாதாரண மெஷினே போதும், ரெண்டாவது ஜாதி நல்ல மெஷினையும் மூச்சு முட்ட வெச்சுடும். கொட்டேஷன்ல ரெண்டையும் ஒண்ணா போட்டு கொழப்பறதாலதான் பத்து சுவிட்ச் இருக்கற எடத்துக்கு அம்பது ஆயிரம் ரூபா மெஷின் வருது.

மொத ஜாதிக்கு கணக்கு எப்படி போடறதுன்னு சொல்றேன், பேப்பர் பேனா இருந்தா போதும். 24 போர்ட் சுவிட்ச் ஒண்ணை எடுத்துக்கங்க. ஒவ்வொரு போர்ட்டுக்கும் உள்ள வந்தது, வெளிய போனது, ரெண்டு பக்க எரர், போர்ட் உயிரோட இருக்கா இல்லையான்னு அஞ்சு விஷயம் பாத்தா 120 வருது. பத்து சுவிட்சுக்கு 1200. ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டா விநாடிக்கு 20 மதிப்பு வந்து சேருது, ஒரு நாளைக்கு 17 லட்சத்து 28 ஆயிரம். கேக்க பெருசா இருக்கும். ஆனா ஸாபிக்ஸ் மேனுவல்ல ஒரு எண் மதிப்புக்கு தோராயமா 90 பைட்னு கணக்கு குடுத்திருக்காங்க, அதை வெச்சு பெருக்கினா ஒரு நாளைக்கு 155 எம்பிதான் ஆகுது, ஆறு மாசத்துக்கு 28 ஜிபி. அதையே அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்தினா ஆறு மாசத்துக்கும் சேத்து 6 ஜிபி கூட வராது. இதுக்கா சர்வர்?

அதே ஸாபிக்ஸ் மேனுவல்லயே ஆயிரம் அளவீடு (மேல எண்ணின மாதிரி பாக்கற விஷயம்) வரைக்கும் 2 கோர், 8 ஜிபி ரேம்னும், பத்தாயிரம்னா 4 கோர், 16 ஜிபின்னும் போட்டிருக்கு. அது தாராளமா சொன்ன கணக்கு. நான் பாத்த வரைக்கும் அஞ்சாறு வருஷம் ஓடின ஐ3 டெஸ்க்டாப்புல 4 ஜிபி ரேம் வெச்சே மேல சொன்ன பத்து சுவிட்ச் லோடு அலுங்காம ஓடும், கிராஃப் பக்கத்தை நாலஞ்சு பேரு ஒரே நேரத்துல தொறந்து பாத்தா மட்டும் கொஞ்சம் இழுக்கும். 8 ஜிபி ஆக்கிட்டா அந்த தொல்லையும் இல்ல.

ஆனா இங்க ஒரு எடம் இருக்கு, எல்லாரும் ரேமையே பேசிட்டு இதை கோட்டை விட்டுடுறாங்க. அது டிஸ்க்கு. இந்த சாப்ட்வேர் எழுதறது எல்லாமே துண்டு துண்டா, இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு எழுதற எழுத்து. பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க் இந்த மாதிரி செதறின எழுத்தை விநாடிக்கு நூறு தடவை செய்யறதே பெரும்பாடு, சாதாரண எஸ்எஸ்டி ஆயிரக்கணக்குல செய்யும். ஆர்ஆர்டிடூல்னு 1999-ல வந்த ஒரு கருவி இருக்கு, காக்டி, லிப்ரெஎன்எம்எஸ் எல்லாம் அதுலதான் கிராஃப் வெச்சுக்குது, அதுல ஃபைல் சைஸ் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஏறவே ஏறாது, பழசு மேலயே புதுசை எழுதிக்கும், அதனால இடம் அடைக்கும்ங்கற பயம் இல்ல, ஆனா ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு ஃபைல்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா அத்தனையையும் தொட்டுட்டு வரும். அதனால பழைய கம்ப்யூட்டர்ல மானிட்டரிங் ஹேங் ஆகுதுன்னா ரேமை ஏத்தறதுக்கு முன்னாடி 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணை போட்டு பாருங்க, பத்துல எட்டு எடத்துல அதோட பிரச்சனை தீந்துடும்.

அஞ்சு நிமிஷம்னு சொன்னேன்ல, அதுல ஒரு பொறி இருக்கு, சொல்லிடறேன். சுவிட்சுக்குள்ள எவ்வளவு டேட்டா போச்சுன்னு எண்ணுற மீட்டர் பழைய முறைல 32 பிட். 429 கோடி பைட் ஆனதும் திரும்ப சைபர்ல இருந்து ஆரம்பிச்சுடும். 100 எம்பிபிஎஸ் லைன் முழுசா ஓடினா அது நிறைய கிட்டத்தட்ட ஆறு நிமிஷம் ஆகும், அதனால அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்தா தப்பிச்சோம். ஆனா ஒரு கிகாபிட் லைன்ல 34 விநாடில சுத்தி வந்துடும், நடுவுல எத்தனை தடவை சுத்துச்சுன்னு சாப்ட்வேருக்கு தெரியவே தெரியாது, கிராஃப் பச்சை பொய் சொல்லும். இதுக்கு 64 பிட் மீட்டரை படிக்கணும், எஸ்என்எம்பி வெர்ஷன் 1-ல அது கிடையாது, 2சி இல்லன்னா 3 வேணும். இதுல கம்ப்யூட்டர் மேல ஒரு தப்பும் இல்லைங்க, ஆனா கிராஃப் தப்பா வருதுன்னு கம்ப்யூட்டரை மாத்தின எடம் எனக்கு தெரியும். வாங்கப்போறது எந்த மெஷினா இருந்தாலும் சுவிட்ச் மேனேஜ்டு (உள்ள போயி செட்டிங் மாத்தி, தகவல் கேக்க முடியற) வகையா, 64 பிட் மீட்டர் குடுக்குமான்னு கேட்டுக்கங்க. கடைல மலிவா கெடைக்கற சாதா சுவிட்ச் எஸ்என்எம்பியே பேசாது, அதுக்கு எவ்வளவு பெரிய சர்வர் வெச்சாலும் பிங் பண்ணி இருக்கா இல்லையான்னு பாக்கறதோட சரி.

எந்த ஓஎஸ்ஸுங்கறதும் மொதல்லயே முடிவு பண்ண வேண்டிய விஷயம். ஸாபிக்ஸ் சர்வர் விண்டோஸ்ல ஓடாது, லினக்ஸ் வேணும், விண்டோஸ் மெஷின்ல அதோட ஏஜென்ட் (தகவல் எடுத்து சர்வருக்கு அனுப்பற சின்ன புரோகிராம்) மட்டும்தான் போட முடியும். பிஆர்டிஜியோட மெயின் சர்வர் அப்படியே தலைகீழ், விண்டோஸ்தான். ஆபீஸ்ல லினக்ஸ் தொட்டு பழகின ஆளே இல்லன்னா பிஆர்டிஜி மேல்னு சொல்லுவேன், 100 சென்சார் (பாக்கற ஒவ்வொரு விஷயமும் ஒரு சென்சார்) வரைக்கும் காசு இல்லாம குடுக்கறாங்க, ஒரு சாதனத்துக்கு சராசரி பத்து சென்சார்னு அவங்களே சொல்றதால பத்து சாதனம் வரைக்கும் சமாளிக்கலாம்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சாதாரண சப்போர்ட் முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்) வேணும், 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க் வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறைல இருந்துதான் ஏத்துக்கும். அதனால எல்லா ஆபீஸ்லயும் ஆறாம் ஏழாம் தலைமுறை டெஸ்க்டாப் எல்லாம் ஒதுக்கி வெச்சு அடுக்கி கெடக்கு. பழைய சாமான்காரனுக்கு எடைக்கு போடறதுக்கு முன்னாடி தயவு செஞ்சு யோசிங்க, அந்த மெஷினுக்கு டெபியனோ உபுண்டுவோ (ரெண்டும் லினக்ஸ் வகை) போட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டினா மானிட்டரிங் வேலைக்கு இன்னும் பல வருஷம் வரும். ஒரே ஒரு நிபந்தனை, 64 பிட் ப்ராசஸரா இருக்கணும். 2025-ல வந்த டெபியன் 13-ல 32 பிட் மெஷினுக்கு இன்ஸ்டாலரே கிடையாது, ஒயர்ஷார்க்கும் 4.0 வெர்ஷன்ல இருந்து விண்டோஸுக்கு 32 பிட் பேக்கேஜ் குடுக்கறத நிறுத்திட்டாங்க. பழைய மெஷின் நெறயத்துல ப்ராசஸர் 64 பிட்டா இருந்தும் உள்ள போட்டிருக்கற விண்டோஸ் 32 பிட்டா இருக்கும், அதை பாத்துட்டு மெஷினே ஆகாதுன்னு தள்ளிடாதீங்க.

சப்போர்ட் முடிஞ்ச விண்டோஸ் 7-லயே ஓட்டிக்கலாமே, உள்ளுக்குள்ளதான இருக்குன்னு கேக்குறாங்க. கூடவே கூடாதுங்க. மானிட்டரிங் மெஷின்ல எல்லா சுவிட்ச், எல்லா சர்வரோட பாஸ்வேர்டும் இருக்கு, எந்த எடத்துக்கும் போக ஃபயர்வால்ல (நெட்வொர்க்குல யாரு எங்க போகலாம்னு தடுக்கற காவல்) வழி தொறந்து விட்டிருப்போம், அது வீட்டு சாவிக்கொத்து மாதிரி. 2020 டிசம்பர்ல சோலார்விண்ட்ஸ் ஓரியான் விஷயம் வெளிய வந்துச்சே, அதுவும் நெட்வொர்க் மானிட்டரிங் சாப்ட்வேர்தான், அதோட அப்டேட்டுக்குள்ளயே திருட்டு கோடு நொழைஞ்சு கிட்டத்தட்ட 18 ஆயிரம் இடத்துக்கு போச்சு, அமெரிக்க அரசாங்க துறைகளே மாட்டிக்கிட்டாங்க. பெரிய எடத்துக்கே அந்த கதின்னா அப்டேட்டே வராத ஓஎஸ்ல இதை வெக்கறது எவ்வளவு ஆபத்துன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பழைய மெஷின் பரவாயில்ல, பழைய ஓஎஸ் ஆகாது.

இப்ப ரெண்டாவது ஜாதிக்கு வர்றேன். ஒயர்ஷார்க் மேனுவல்ல பாத்தீங்கன்னா 500 எம்பி ரேம், 500 எம்பி டிஸ்க் காலியா இருந்தா போதும்னு இருக்கும். அது பொய் இல்ல, சாப்ட்வேர் தொறக்கறதுக்கு அவ்வளவுதான் வேணும். புடிக்கற டேட்டாவுக்கு வேண்டியது தனி கணக்கு. கிகாபிட் லைன் முழுசா ஓடினா விநாடிக்கு 125 எம்பி, நிமிஷத்துக்கு 7.5 ஜிபி, ஒரு மணி நேரத்துக்கு 450 ஜிபி. சாதா ஹார்ட் டிஸ்க்கோட எழுதற வேகமே அவ்வளவுதான், அதனால பாக்கெட்டை தவற விட ஆரம்பிக்கும், தவற விட்டதுல தான் நாம தேடுற பாக்கெட் இருந்திருக்கும். சின்ன சின்ன பாக்கெட்டா வந்தா இன்னும் மோசம், கிகாபிட் லைன்ல விநாடிக்கு 14 லட்சத்து 88 ஆயிரம் பாக்கெட் வரைக்கும் வர முடியும், அப்ப திணறுறது ப்ராசஸர்.

இதுக்கு மெஷினை பெருசாக்கறத விட புடிக்கறத சுருக்கறது நல்லது. பாக்கெட் முழுசையும் வேண்டாம், மொத 128 பைட் மட்டும் புடின்னு சொன்னா யாரு யாருக்கு பேசினாங்கன்னு தெரிஞ்சுடும், டிஸ்க் லோடு பெரும்பாலும் பத்துல ஒரு பங்குக்கு வந்துடும். ஒயர்ஷார்க் விண்டோவை தொறந்து வெச்சு மணிக்கணக்கா ஓட விடாதீங்க, அது எல்லாத்தையும் பிரிச்சு பிரிச்சு மெமரில ஏத்திட்டே போயி கடைசில மெஷினையே படுக்க வெச்சுடும். அதோட கூடவே வர்ற டம்ப்கேப்பை வெச்சு 100 எம்பி 100 எம்பியா ஃபைல் வெட்டி, இத்தனை ஃபைலுக்கு மேல போனா பழசை அழிச்சுக்கன்னு சொல்லிட்டா 4 ஜிபி ரேம் லேப்டாப் கூட நாள் கணக்கா அமைதியா ஓடும். லினக்ஸ்ல ஒயர்ஷார்க்கை ரூட்ல (முழு அதிகார யூசரா) ஓட்டாம wireshark-ங்கற குரூப்புல யூசரை சேத்துட்டு ஓட்டறது, விண்டோஸ்ல என்பிகேப் (பாக்கெட் புடிக்கற டிரைவர்) போட அட்மின் பாஸ்வேர்டு வேணும்ங்கறது, மேக்ல ஒயர்ஷார்க்கோட வர்ற அனுமதி பேக்கேஜையும் சேத்து போடணும்ங்கறது, இதெல்லாம் மொத நாளே பாத்து வெச்சுக்க வேண்டியது. வைஃபையை புடிக்கணும்னா விண்டோஸ் லேப்டாப்புல பெரும்பாலும் நடக்காது, லினக்ஸும் அதுக்கு ஒத்து வர்ற யூஎஸ்பி வைஃபையும் வேணும். எல்லாத்துக்கும் மேல சுவிட்ச்ல மிரர் போர்ட் (மத்த போர்ட்டோட டேட்டாவுக்கு நகல் குடுக்கற போர்ட்) இல்லன்னா உங்க மெஷினுக்கு வர்றது தவிர வேற எவன் டேட்டாவும் கண்ணுல படாது. அடுத்தவங்க டேட்டாவை புடிக்கறதுக்கு ஆபீஸ் முதலாளிகிட்ட எழுத்துல அனுமதி வாங்கிக்கங்க, இது ரொம்ப முக்கியம்.

ராஸ்பெர்ரி பைங்கற உள்ளங்கை சைஸ் கம்ப்யூட்டரை பத்தி நெறய பேரு கேக்குறாங்க. பை 3பி+ல கிகாபிட்னு போட்டிருந்தாலும் உள்ள யூஎஸ்பி 2.0 வழியா போறதால 300 எம்பிபிஎஸ்ஸை தாண்டாது, 2019-ல வந்த பை 4-ல இருந்துதான் உண்மையான கிகாபிட். கேட்டு வாங்கி எழுதற வேலைக்கு பை 4 அருமையா இருக்கும். ஆனா எஸ்டி கார்டுல டேட்டாபேஸ் வெக்காதீங்க, ஓயாம எழுதி எழுதி கார்டு செத்துடும், யூஎஸ்பில ஒரு எஸ்எஸ்டி மாட்டிடுங்க. கரண்ட்டு பில்லு பாக்கறவங்களுக்கு பை ஒரு வரம். 80 வாட் இழுக்கற பழைய டெஸ்க்டாப் 24 மணி நேரமும் ஓடினா மாசத்துக்கு 57 யூனிட்டுக்கு மேல வரும், 5 வாட் பைக்கு நாலு யூனிட் கூட ஆகாது.

கரண்ட்டு பேச்சு வந்ததால யூபிஎஸ்ஸையும் சொல்லணும். மாசாந்திர பராமரிப்புக்கு கரண்ட்டு நிறுத்தற நம்ம ஊர்ல மானிட்டரிங் மெஷினும் அது பாக்குற சுவிட்சும் ரெண்டுமே யூபிஎஸ்ல இருக்கணும். மெஷின் மட்டும் யூபிஎஸ்ல இருந்து சுவிட்ச் இல்லன்னா அலர்ட்டா கொட்டும், மெஷின் யூபிஎஸ்ல இல்லன்னா டேட்டாபேஸ் பாதி எழுத்துல நின்னு கெட்டு போகலாம். அப்பறம் இன்டர்நெட் போனா மெயில் அனுப்பி சொல்லுன்னு செட் பண்ணி வெச்சிருப்பாங்க, இன்டர்நெட் போனப்பறம் மெயில் எதுல போகும்? சிம் போடற மோடம் ஒண்ணை மாட்டி எஸ்எம்எஸ் அனுப்ப வெக்கறதுக்கும் கொட்டேஷன்ல ஒரு வரி வேணும்.

இன்னொரு கணக்கு சட்டத்தால வர்றது. செர்ட்-இன் (மத்திய அரசோட கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28-ல போட்ட உத்தரவுல கம்பெனிகளும் அரசு அமைப்புகளும் தங்களோட சிஸ்டம் லாக்குகளை (என்ன நடந்துச்சுங்கற பதிவுகளை) 180 நாளுக்கு நம்ம நாட்டுக்குள்ளயே வெச்சிருக்கணும்னு இருக்கு, நேரத்தையும் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) இல்லன்னா தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட நேர சர்வரோட சேத்து வெக்க சொல்லியிருக்காங்க. ஃபயர்வால்ல இருந்து விநாடிக்கு 100 வரி, வரிக்கு 200 பைட்னு வெச்சாலே ஒரு நாளைக்கு 1.7 ஜிபி, 180 நாளைக்கு 311 ஜிபி. இதுக்கு எஸ்எஸ்டி வேண்டாம், ஒரு டிபி சுத்துற டிஸ்க்கே போதும், வரிசையா எழுதறதால அதுக்கு கஷ்டமே இல்ல, சுருக்கி வெச்சா பத்துல ஒரு பங்குதான் ஆகும். இந்த லாக்கையே தேடி பாக்கற வசதியோட எலாஸ்டிக்சர்ச் மாதிரி எதுலயாவது ஏத்தணும்னாதான் ரேம் பசி வரும், அப்ப 16 ஜிபிக்கு கீழ பேச வேண்டாம். பெரிய மெஷின் எங்கயாச்சும் நியாயமா வேணும்னா இங்கதான் வேணும், ஆனா பாருங்க, டெண்டர்ல இதை யாரும் எழுதறதே இல்ல.

படிக்கற பிள்ளைங்களுக்கும் ஒரு வார்த்தை. 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல வந்த லேப்டாப்பு இன்னும் நெறய வீட்டுல இருக்கு. இதுல நெட்வொர்க் படிக்க முடியாது, புது லேப்டாப் வாங்கி குடுன்னு அப்பா அம்மாவை கேட்டு கடன் வாங்க வெக்கறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. அந்த லேப்டாப்புல லேசான லினக்ஸ் ஒண்ணை போட்டு டிசிபிடம்ப் ஓட்டி உங்க வீட்டு ரவுட்டரை பாருங்க, டிஎன்எஸ் (வெப்சைட் பேரை முகவரியா மாத்தறது) எப்படி போகுது, டிசிபில ரெண்டு மெஷின் பேச ஆரம்பிக்கும்போது எப்படி கை குலுக்குதுன்னு கண்ணால பாத்துடலாம். டிசிபிடம்ப் 1988-ல, அன்னிக்கு இருந்த மெஷினுக்காக எழுதினது. ஒயர்ஷார்க்கும் சின்ன ஃபைலா தொறந்தா ஓடும்.

ஆசிரியர் அய்யா, உங்ககிட்ட கேட்டுக்கறது இதுதான். கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு சாப்ட்வேரை பத்தி போடும்போது என்ன பண்ணும்ங்கறதோட எத்தனை சாதனத்துக்கு எந்த மாதிரி மெஷின் போதும், 32 பிட்ல ஓடுமா, லினக்ஸா விண்டோஸா, டிஸ்க் எவ்வளவு தின்னும்னு நாலு வரி சேத்து போட சொல்லுங்க. ஸ்கூல் தலைமை ஆசிரியர்களும் சின்ன கம்பெனி நடத்தறவங்களும் கொட்டேஷன் வாங்கும்போது எத்தனை அளவீடு, எத்தனை நிமிஷத்துக்கு ஒருக்கா, எத்தனை நாள் சேமிப்புன்னு மூணையும் எழுத்துல கேளுங்க, அதுக்கு பதில் எழுதி தராத ஆள்கிட்ட மெஷின் வாங்காதீங்க.

நன்றி.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்பு வேலை பாக்கும் வாசகர்,
திருப்பூர்